கையில்லாத கவுன்

லூஷியஸ் டாட்சன் செத்து இரண்டு மாதமாகியும் அவன் பெண்டாட்டி வெர்னீஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது, பெல்ஃபோர்ட் ஊரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கறுப்பர் பகுதியில் வாழும் அத்தனை பேருக்கும் தெரியும். அடக்கத்தன்று வெள்ளைச் சீருடை போட்ட சபைத் தாதிகள் இரண்டு பேர், அவள் மயங்கி விழுந்தால் பிடிப்பதற்காக ஆளுக்கொரு பக்கம் தயாராக நின்றார்கள். அவள் விழவில்லை. கடைசியில் மிசிசிப்பி வெக்கையில் தாதிகளில் ஒருத்திக்குத்தான் தலை சுற்றியது. வெர்னீஸ்தான் அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இதையும் ஊர் குறித்துக்கொண்டது.

சாவு வீட்டுக்குச் சாப்பாடு வருவது பெல்ஃபோர்டில் வழக்கம். பொரித்த கோழி, கீரை, மக்ரோனி, பன்றித் தொடை, கேக் என்று வந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் பெயர் எழுதியிருக்கும். அனுதாபம் போனால் போகட்டும், பாத்திரம் திரும்பி வரவேண்டும். வெர்னீஸ் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, கவிழ்த்துப் பெயரைப் படித்து, வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வேலை முடிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று தெரியாததால் மெதுவாகக் கொடுத்தாள்.

பல் டாக்டர் ஊசி போட்ட தாடை எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. தொட்டால் தொட்டது தெரிந்தது. தொட்ட இடம் தன்னுடையதுதான் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஓலா மே தினமும் வருவாள். சபைப் பாடகர் குழுவில் வெர்னீஸுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. வாயை மூடத் தெரியாத பெண். அதனால்தான் அவளை வெர்னீஸால் சகிக்க முடிந்தது.

"ஏண்டி, எப்ப பாட வரப் போற? உன் அங்கி ஆணியில தொங்குது. கை ரெண்டும் தரையத் தொடுது. சாயங்காலத்துல பாத்தா பேய் மாதிரி இருக்கு. நேத்து சபை டீக்கன் அதுக்கு குட் ஈவினிங் சொல்லிட்டுப் போறாரு."

சபை அங்கிகள் எல்லாம் ஒரே அளவு. ஆறடி ஆளுக்குத் தைத்தவை. வெர்னீஸ் ஐந்தடி.

"வரேன்" என்றாள் வெர்னீஸ்.

"எப்ப?"

"வரேன்."

இப்படி இருக்கும்போதுதான் திருமதி கொர்டீலியா ப்ரூவர் வந்தாள். பெல்ஃபோர்ட் மாதர் கலை, இலக்கிய, ஒழுக்க மேம்பாட்டுக் கழகத்தின் தலைவி. கழகத்தில் கலையும் இலக்கியமும் எப்போதாவது நடக்கும். ஒழுக்கத்தை மேம்படுத்தும் வேலை அன்றாடம் நடக்கும், அதுவும் அங்கே வராதவர்களின் ஒழுக்கத்தை. முதலில் தொப்பி உள்ளே வந்தது. பிறகு அவள் வந்தாள்.

"நான் கேக் தட்டுக்காக வரல, சிஸ்டர் டாட்சன்" என்றாள், கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"கழுவி வச்சிட்டேன்."

"அதுக்கா வந்தேன்? சரி, வந்தது வந்தேன், எடுத்துக்கறேன்." எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இமோஜீன் டாப்னி காலமாயிட்டாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். லூஷியஸ் போன நாலாவது வாரம், கலிஃபோர்னியாவில் ஏதோ முதியோர் இல்லத்தில் அவள் செத்துப்போனாள். சேதி வந்த அன்றைக்கே ஓலா மே சொல்லிவிட்டாள்: "பாத்தியா உன் புருஷன? உனக்கு எடம் போடாம அவளுக்கு எடம் போட முன்னாடியே போயிட்டான்." அதைக் கேட்டு வெர்னீஸ் சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

ஹாலிவுட்டில் கறுப்புப் பெண் என்றால் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெள்ளைக்கார எஜமானிக்குக் காபி கொண்டுவந்து, கண்ணை உருட்ட வேண்டும் என்று இருந்த காலத்தில், "ஏப்ரன் கட்ட மாட்டேன்" என்று சொன்னவள் இமோஜீன். நல்ல குரல், நல்ல முகம். விட மனமில்லாத ஸ்டூடியோக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவளைக் கவுன் போடச் சொல்லி ஒரு தூணில் சாய்த்து நிறுத்தினார்கள். படத்தின் நடுவில் கதாநாயகனும் நாயகியும் இரவு விடுதிக்குப் போவார்கள். தூணருகே இமோஜீன் ஒரு பாட்டுப் பாடுவாள். அவர்கள் எழுந்து போவார்கள். யாரும் அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இது சும்மா நடந்ததல்ல. தெற்கே உள்ள ஊர்களில் தணிக்கைக்காரரோ தியேட்டர்காரரோ, கறுப்பி ஒருத்தி கவுன் போட்டுக் கௌரவமாக நிற்பதைக் காணச் சகியாமல் கத்தரியை எடுத்தால், கதையில் ஒரு கீறலும் விழக்கூடாது. வெட்டுவதற்கு வசதியாகவே தைத்த சட்டைப்பை அவள்.

லூஷியஸ் அவளை முழுசாகப் பார்த்தது பிரான்ஸில், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில். கறுப்புச் சிப்பாய்களின் லாரிப் படையில் இருந்தான். ஒரு மாட்டுக் கொட்டகையில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் போட்டார்கள். பட்டாளத்துப் பிரதியை யாரும் வெட்டவில்லை. சாகப் போகிறவன் எதைப் பார்த்தால் என்ன என்று நினைத்திருக்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு, அதே படம் பெல்ஃபோர்டுக்கு வந்தது. அவன் வெர்னீஸைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். பக்கவாட்டு மாடிப்படி ஏறி, கறுப்பர்களுக்கு ஒதுக்கிய பால்கனியில் உட்கார்ந்தார்கள். மாடிப்படிச் சுவரில் இமோஜீன் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். கீழே வெள்ளைக்காரர் நுழையும் வாசலில் அந்தப் பெயரே இல்லை. திரையில் ஒரு கப்பற்படைக்காரனும் பொன்முடிப் பெண்ணும் விடுதியில் வந்து உட்கார்ந்தார்கள். மேஜையில் இரண்டு கிளாஸ் நிறைய இருந்தது. லூஷியஸ் வெர்னீஸின் கையைப் பிடித்து, "இப்ப பாரு" என்றான். திரை ஒரு துள்ளு துள்ளியது. கிளாஸ் இரண்டும் காலியாக இருந்தன. பொன்முடிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். யாருக்குத் தட்டினாள் என்பது அவளுக்கும் அந்த ஆண்டவனுக்கும் வெளிச்சம்.

பால்கனி பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரமே ஊரில் எல்லாரும் இமோஜீன் பாடினதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் கத்தரிக்காரன் ஜெயித்தான் என்று ஆகும். முதலில் வீம்புக்குச் சொன்னார்கள், பிறகு பெருமைக்குச் சொன்னார்கள், கொஞ்ச காலம் போனதும் அதுவே ஞாபகமாகிவிட்டது.

லூஷியஸ் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். கிரிம்ஸ்லி அடக்க நிலையத்தில் சவ வண்டி ஓட்டினான். வண்டியில் பின்னால் இருப்பவர்கள் பதில் பேசமாட்டார்களாகையால், வீட்டுக்கு வந்து வெர்னீஸிடம் பேசினான். தூண், வெள்ளைக் கவுன், கையைத் தூக்கின விதம், உச்ச ஸ்தாயி. வருஷக்கணக்காக, சாப்பாட்டு மேஜையில். அவள் பாதிக் காதில் கேட்டாள். முழுக் காதில் கேட்க முடியாததற்குக் காரணம் உண்டு. கல்யாணம் கேட்ட அன்றைக்கு அந்த மனுஷன் சொன்ன வார்த்தை: "சபையில நீ மொத நாள் பாடினப்ப இமோஜீன்னே நினைச்சுட்டேன், வெர்னி."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். புகழ்ச்சி மாதிரி ஆறாத புண் வேறில்லை. அசல் கலிஃபோர்னியாவில் இருக்க, கையில் கிடைத்த நகலைக் கட்டிக்கொண்டானா என்று இருபத்தைந்து வருஷமாக ஒரு கேள்வி அவளுக்குள் இருந்தது. அசலை ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு பாட்டு. அதைத்தான் வெட்டிவிட்டார்களே.

"கழகம் சார்பா நினைவஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம்" என்றாள் கொர்டீலியா. "சனிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் ஜிம்ல. நம்ம சபை ரெவரெண்ட் டன்ஸ்டல் பேசறாரு. நான் பேசறேன். அப்புறம் அந்தப் படத்தையே போடறோம். வாடகைக்கு வரவழைச்சிருக்கேன்."

வெர்னீஸ் தலை நிமிர்ந்தாள். "அந்தப் படமா? முழுசா?"

"முழுசாத்தான். பாதியா வாடகைக்கு விடுவாங்களா? நாமெல்லாம் அந்தக் காலத்துல பாத்ததுதானே. என்ன பாட்டு! எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது." அவள் கண்ணை மூடிக் காட்டினாள். "அந்த அம்மாவுக்கு நம்ம ஊர்லயே பெரிய ரசிகர் உன் வீட்டுக்காரர். நீ மேடையில உக்காரணும். ரெண்டு வார்த்தை பேசணும். முடிஞ்சா... கொஞ்சம் அழுதா நல்லாருக்கும், கண்ணு. ஜனங்களுக்கு ஒரு ஆறுதல்."

"முயற்சி பண்றேன்" என்றாள் வெர்னீஸ். உண்மையாகவே சொன்னாள்.

"அப்புறம் அந்த விசிறிங்க..."

வந்த காரியம் அதுதான். தேவாலயத்தில் விசிறிக்கொள்ள அட்டை விசிறி கொடுப்பது அடக்க நிலையத்தின் வழக்கம். ஒருபுறம் ஏசுநாதர், மறுபுறம் "கடைசிவரை உங்களோடு, கிரிம்ஸ்லி" என்ற விளம்பரம். ஒரு வருஷம் லூஷியஸ் முதலாளியின் மனசைக் கரைத்து, ஏசுநாதர் இருந்த பக்கம் இமோஜீனை அச்சடிக்க வைத்துவிட்டான். அதே படத்துக்காக எடுத்த புகைப்படம், அதே தூண், அதே கவுன். ரெவரெண்ட் டன்ஸ்டல் பிரசங்க மேடையிலிருந்து பார்த்தார். தன் சபை முழுக்க இமோஜீன்கள் அசைவதைக் கண்டு கொதித்தார். "இந்தக் கவுனுக்குக் கையே இல்லையே! தோள்பட்டையும் இல்ல! எது பிடிச்சு நிக்குது இது? சாத்தான் பிடிச்சு நிக்குறான்!" என்று கூவினார். அத்தனை விசிறியும் அன்றே லூஷியஸ் வீட்டுக்குத் திரும்பி வந்தன. அட்டைப் பெட்டிகளில் இன்னும் பின்கட்டில் கிடந்தன.

"எடுத்துக்கங்க" என்றாள் வெர்னீஸ்.

சனிக்கிழமை ஜிம்மில் கூட்டம் தாங்கவில்லை. வெக்கையும் தாங்கவில்லை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை. ஆளுக்கொரு இமோஜீன் விசிறி. முன்வரிசையில் ரெவரெண்டும் விசிறிக்கொண்டிருந்தார். செத்துப்போனவர்களின் தோள்பட்டை சாத்தானுக்குப் பயன்படாது போலும்.

நிகழ்ச்சி நிரலில் "பேச்சாளர்கள் தயவுசெய்து இரண்டு நிமிடம்" என்று அச்சடித்திருந்தார்கள். இது எல்லா அடக்கத்திலும் அச்சடிப்பதுதான். ரெவரெண்ட் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, தனக்கும் அது பொருந்தும் என்று அடக்கத்தோடு சொல்லி, ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தார். நோவாவின் பேழைக்கு வருவதற்குள் பின்வரிசையில் இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன. இமோஜீன் டாப்னியை அவர் எஸ்தர் ராணி என்றார், லீபனோனின் கேதுரு மரம் என்றார், நம் இனத்தின் விடிவெள்ளி என்றார். தான் அந்தக் காலத்திலிருந்தே அவருடைய அபிமானி என்று அவர் சொன்னபோது ஓலா மே இருமினாள். நெடுநேரம் இருமினாள்.

அதன் பிறகு கொர்டீலியா எழுந்து தீர்மானம் வாசித்தாள். இமோஜீன் டாப்னி அவர்கள் கலையுலகில் பிரகாசித்தபடியாலும், கழகம் அவரைத் தொடர்ந்து போற்றிவந்தபடியாலும், ஆகையினாலும், ஆதலினாலும் என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு "ஆகையினால்" வந்தபோதும் அவளுடைய தொப்பி மேலும் உயர்ந்ததாக ஓலா மே பிற்பாடு சாதித்தாள்.

வெர்னீஸ் மேடையில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை, மடியில் விசிறி. எல்லாரும் தன் கண்ணையே பார்ப்பது தெரிந்தது. கண் வறண்டு இருந்தது. படம் ஆரம்பித்தால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள். இமோஜீனைப் பார்த்தால், அந்த முகத்தையும் அந்தக் கையையும் பார்த்தால், குறைந்தபட்சம் கோபமாவது வரும். கோபம் வந்தால் போதும், அதன் பின்னாலேயே மற்றதும் வரிசையில் வந்துவிடும்.

விளக்கை அணைத்தார்கள். வேதியியல் வாத்தியார் ஹோலிஸ் பள்ளிக்கூட புரொஜெக்டரை ஓட்டினார். கப்பற்படைக்காரன் வந்தான். பொன்முடிப் பெண் வந்தாள். சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். விடுதிக்கு வந்தார்கள். மேஜையில் இரண்டு கிளாஸ் நிறைய இருந்தது.

வெர்னீஸ் அறியாமலே அவள் வலது கை பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே கொர்டீலியாவின் கைப்பைதான் இருந்தது.

திரை ஒரு துள்ளு துள்ளியது. கிளாஸ் இரண்டும் காலி. பொன்முடிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

அதே பிரதி. தெற்கு வட்டாரத்துக் கிடங்கில் எந்த டப்பாவில் போட்டு மூடினார்களோ, அதே டப்பாவிலிருந்து அதே வெட்டோடு எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஊரில் எல்லாரும் முழுசாகப் பார்த்தவர்கள் ஆயிற்றே, முழுசா என்று விசாரிக்க யாருக்குத் தோன்றும்?

ஜிம்மில் இருந்தவர்கள் அவரவர் மனசுக்குள் ஒரே கணக்கைப் போட்டார்கள். நாம் கண் அசந்துவிட்டோமோ? பக்கத்திலிருப்பவர் பார்த்தாரோ? பிறகு முன்வரிசையிலிருந்து ரெவரெண்டின் குரல் வந்தது: "ஆமென்! என்ன குரல்!" அவ்வளவுதான், ஜிம்மே எழுந்து நின்று கைதட்டியது. பொன்முடிப் பெண்ணும் திரையில் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் துணை கிடைத்தது.

படத்தை அங்கேயே நிறுத்தி விளக்குப் போட்டார்கள். கொர்டீலியா கைக்குட்டையால் கண்ணின் ஓரத்தை ஒற்றினாள். "காலத்தால் அழியாத பாட்டு" என்றாள்.

"என்ன நிறக் கவுன்?" என்று கேட்டாள் வெர்னீஸ்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. யாராவது ஒருவராவது பார்த்திருந்தால் நல்லது என்று நினைத்தாள்.

"என்ன, சிஸ்டர்?"

"பாடினாங்கல்ல, இப்ப. என்ன நிறக் கவுன்?"

"தங்க நிறம்" என்றாள் கொர்டீலியா, ராணி மாதிரி.

"செவப்பு இல்ல?" என்றார் ரெவரெண்ட்.

"நீலம் மாதிரி பட்டுது எனக்கு" என்றது பின்வரிசை.

"ஏம்ப்பா," என்றாள் ஓலா மே எழுந்து நின்று, "படமே கறுப்பு வெள்ளைடா! ஹோலிஸ் வாத்தியாரே, பாட்ட முழுங்கிட்டீங்களா?"

"டப்பாவுல இருந்தத ஓட்டினேன்மா" என்றார் ஹோலிஸ் பரிதாபமாக. "இல்லாதத ஓட்ட எனக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். யாரோ "உஷ்" என்றார்கள். அந்த "உஷ்"ஷுக்கு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். கொர்டீலியா கைக்குட்டையைக் கைப்பைக்குள் திணித்தாள். அவள் வாழ்க்கையில் பல கூட்டங்களைக் காப்பாற்றியவள். நிகழ்ச்சி நிரலை எடுத்து அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். "இப்பொழுது, மறைந்த சகோதரர் லூஷியஸ் டாட்சனின் துணைவியார் இரண்டு வார்த்தை பேசுவார்!"

வெர்னீஸ் மைக்கின் முன் போய் நின்றாள். பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனால் காதில் ஒன்று இருந்தது. பாதிக் காதில் கேட்டதுதான். வருஷக்கணக்காகக் கேட்டதால் முழுசாகச் சேர்ந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் சொன்னதச் சொல்றேன்" என்றாள். "நான் பாக்கல. நீங்களும் பாக்கல."

நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"வெள்ளைக் கவுன். அவங்க தூண்ல சாஞ்சு நிப்பாங்களாம். பாட்டு ஆரம்பிச்சதும் தூண விட்டு வந்துடுவாங்க. தூண் எதுக்கு, அது வேற யாருக்காவது தேவைப்படும்னு விட்டுட்ட மாதிரி. ஆடமாட்டாங்க. இடது கைய மட்டும் தூக்குவாங்க. மழை தூறுதான்னு பாக்கற மாதிரி, இப்படி." அவள் கையைத் தூக்கினாள். மருந்துச் சீட்டை வாசிப்பதுபோலத்தான் சொன்னாள். "பாட்டு மேல ஏற ஏறக் குரல ஏத்தமாட்டாங்களாம். கொறைப்பாங்க. கொட்டகையில அத்தன பேரும் முன்னாடி சாஞ்சாங்களாம் கேக்கறதுக்கு. மாடுங்ககூட மெல்றத நிறுத்திடுச்சுன்னு சொல்வாரு. அது பொய்யா இருக்கும்."

பின்வரிசை முன்னால் சாய்ந்தது.

"அப்புறம் அந்த உச்சம். அது வரதுக்கு முன்னாடி ஒரு கண்ண மூடிப்பாங்களாம். ஊசியில நூல் கோக்கறவங்க மாதிரி. ஒரே கண்ணு. எட்டிப் பிடிச்சு, அங்கயே கொஞ்ச நேரம் நிப்பாங்களாம். எறங்கினதும் ஒண்ணும் நடக்காத மாதிரி, கவுன் கைய இழுத்து விட்டுப்பாங்க..."

நிறுத்தினாள்.

முன்வரிசையில் ரெவரெண்டின் விசிறி அசைந்துகொண்டிருந்தது. அதில் இமோஜீன் தூணில் சாய்ந்திருந்தாள். இருபுறமும் தோள், வழவழவென்று, மறைவில்லாமல். ஜிம் முழுக்க விசிறிகள் நின்றன. எல்லாரும் தங்கள் கையிலிருந்த இமோஜீனைக் குனிந்து பார்த்தார்கள்.

"கவுனுக்குக் கையே இல்லையே" என்றார் ரெவரெண்ட். இந்த விஷயத்தில் அவரை விடப் பெரிய நிபுணர் அந்த ஊரில் கிடையாது. "எதப் பிடிச்சு இழுத்தாங்க?"

ஓலா மே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அது நீதாண்டி!" என்று கத்தினாள். "ஒத்தக் கண்ணு! மழைத் தூறல்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பக்கத்துல நின்னு பாக்கறேனே! பாடி முடிச்சதும் அந்தப் பேய் அங்கியோட கைய இழுத்து இழுத்து விட்டுக்குவியே! இத்தன வருஷமா அந்த மனுசன் உன்னத்தான்டி சொல்லிட்டு இருந்திருக்கான்!"

பாடகர் குழு முழுக்க உட்கார்ந்திருந்த வரிசை வெடித்துச் சிரித்தது. "ஆமா, ஒத்தக் கண்ணு!" "நூல் கோக்கறா, நூல் கோக்கறா!" என்று ஆளாளுக்குக் கண்ணை மூடிக் காட்டினார்கள். சிரித்தபடியே இரண்டு பேர் அழுதார்கள். கொர்டீலியா இன்னொரு "ஆகையினால்" சொல்லிப் பார்த்தாள். அது யார் காதிலும் விழவில்லை.

வெர்னீஸ் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தான் பாடும்போது கண்ணை மூடுவது அவளுக்குத் தெரியாது. பாடும்போது தன்னை யார் பார்க்கிறார்கள்? எதிர் வரிசையில் உட்கார்ந்த ஒரு சவ வண்டிக்காரன் பார்த்திருக்கிறான். பார்த்ததை எடுத்துப் போய், கொஞ்சம் கொஞ்சமாக, வெட்டு விழுந்த இடத்தில் ஒட்டியிருக்கிறான். முதலில் எது அசலோ, எது நகலோ, கடைசியில் அவன் கண்ணுக்குள் பாடிக்கொண்டிருந்தவளுக்கு ஐந்தடி உயரமும் நீளக் கை அங்கியும் இருந்திருக்கின்றன. அது அவனுக்கே தெரியுமோ தெரியாதோ.

"அவ்வளவுதான்" என்றாள் மைக்கில். போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓலா மே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுகை வந்துச்சா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்லடி."

"கல்லுடி நீ."

"பசிக்குது" என்றாள் வெர்னீஸ். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. ஓலா மேயின் வீட்டில் நின்றுகொண்டே வெர்னீஸ் குளிர்ந்த கோழி தின்றாள். அது கோழி மாதிரி ருசித்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. அவள் ஆணியிலிருந்து அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓலா மேயின் பக்கத்தில் நின்றாள். சபை திரும்பிப் பார்த்தது. பார்க்காததுபோல் மறுபடி பார்த்தது. பாட்டு மேலே ஏறியது. நேற்றிரவு சொன்னது பொய்யா மெய்யா என்று சோதிக்க, இரண்டு கண்ணையும் அகலத் திறந்துவைத்துக்கொண்டாள். சுருதி தப்பியது. பியானோக்காரர் தலையைத் திருப்பி முறைத்தார். ஓலா மே சத்தமில்லாமல் குலுங்கினாள்.

இரண்டாம் சரணத்தில் கவனிக்க மறந்துவிட்டாள். சுருதி சரியாகப் போய் உட்கார்ந்தது. பாடி முடித்ததும் ஓலா மே முழங்கையால் இடித்து, கீழே பார் என்று கண்ணைக் காட்டினாள். வெர்னீஸின் வலது கை, அங்கியின் இடது கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கை இன்னும் யாருடைய கையோ போலத்தான் இருந்தது. இழுத்த இழுப்பு தன்னுடையது என்று தெரிந்தது.

மேடையில் ரெவரெண்ட் டன்ஸ்டல் இமோஜீனால் விசிறிக்கொண்டு, அடுத்த இரண்டு நிமிடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்தக் காற்று பாடகர் வரிசைவரை வரவில்லை. அங்கிக்குள் வெர்னீஸுக்கு வேர்த்தது. வேர்ப்பது அவளுக்குத் தெரிந்தது.